அப்பாவின் பெயரில் விழுந்த விரிசல்

குமாசி நகரில் லேசர் எந்திரம் வாங்கியவர்கள் மெல்லிய தகட்டில் சாவிக்கொத்து வெட்டித்தான் கை பழகுவார்கள். கொனாடுவுக்கோ எடுத்த எடுப்பிலேயே விரல் தடிமனுள்ள அக்ரிலிக் பிளாஸ்டிக். இறந்துபோன அப்பாவின் பெயரை அதில் வெட்டி, ஓராண்டு நினைவு நாளில் குடும்ப வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும். அடக்கத்துக்கு அவள் வராததால் அஜேகும் என்ற அண்ணன் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டான். அவன் மனசு வைத்தால்தான் அந்த வீட்டுக்குள் இனி அவளுக்கு இடம்.

பிறவி அவசரக்காரி. வேகமாக இரண்டு தடவை ஓட்டினாள், விளிம்பில் கோடு விழுந்தது. வெட்டும் இடத்தில் எந்திரம் ஊதும் காற்றைக் கூட்டினாள், விளிம்பு மங்கிப்போனது. நாலு தகடு பாழான பிறகுதான் புத்தி வந்தது. கதிர் குவியும் இடத்தைத் தகட்டின் பாதி ஆழத்துக்கு இறக்கி, காற்றைக் குறைத்து, ஒரே ஓட்டமாக ஆமை வேகத்தில் விட்டாள். தீப்பிடித்துவிடுமோ என்று பக்கத்தை விட்டு நகரவே இல்லை. விளிம்பு கண்ணாடிபோல் வந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கே அழுகை வந்தது.

ஆள் சொல்லக் கேட்டு, பெயரைப் பார்க்க அண்ணனே வந்துவிட்டான், கையில் ஜின் பாட்டிலோடு.

"அப்பா பேரு, சும்மாவா தூக்கிட்டுப் போறது? நம்ம வழக்கப்படி தரையில ஊத்தி அவர்கிட்ட சொல்லணும்ல" என்று மூடியைத் திருகினான்.

சூட்டில் வெட்டிய விளிம்பில் சாராயம் பட்டால் விரிசல் விடும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவன் வேண்ட ஆரம்பித்துவிட்டான். "அப்பா, இது உன் மக கொனாடு செஞ்சது. வாங்கிக்க." ஒரு வருஷம் கழித்து அண்ணன் வாயில் தன் பெயர்! கையைப் பிடித்துத் தடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. தரையில் ஊற்றியது போக நாலு சொட்டு பெயர்மேல் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் விளிம்பெல்லாம் வெள்ளை இழைகளாகக் கீறல் ஓடியது.

அஜேகுமின் முகம் வெளிறியது. "அவர் ஏத்துக்கல, கொனாடு. உன்மேல இன்னும் கோபம் தீரல."

தலையாட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. குப்பையில் கிடந்த வெட்டுத் துண்டை எடுத்து மேசையில் போட்டு, ஜின்னைக் கொஞ்சம் கவிழ்த்தாள்.

"பாருண்ணே! இதுல யாரு பேரும் இல்ல. இதுவும் விரியுது பாரு! அப்பா ஒண்ணும் பண்ணல, உன் ஜின்னுதான்! கோபம் அவருக்கில்ல, உனக்கு!"

பெயரையும் அந்தத் துண்டையும் அவன் மாறி மாறித் தடவிப் பார்த்தான். பிறகு பாட்டிலோடு வாசலுக்குப் போய், மிச்சத்தை மண்ணில் ஊற்றினான்.

"அப்பா, உன் பேரைக் கெடுத்தது நான்தான். அவ மேல தப்பில்ல" என்றான். "அடக்கத்துக்கு அவளுக்குச் சொல்லியனுப்பாததும் நான்தான்."