முந்தானையில் இரும்புக்கறை

வெளிறிக் கிடக்கிறது கோடு, கழுநீரில் விரலை நனைத்து இழுத்ததுபோல, இதைப் போய் மை என்று விற்கிறார்கள், வாங்கவும் ஆள் நிற்கிறது, இந்தக் காலத்து ஆட்களுக்கு எழுத ஒன்றும் கிடையாது, பேனாக்கடையில் ஆளுக்கு நாலு பாட்டிலைத் திறந்து கோடு கிழித்து, அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள், எனக்கு எழுத வேண்டியது ஒன்றே ஒன்று, என் பெண்சாதி சவரியம்மா சேலை முந்தானையில் அவள் பெயரும் என் போன் நம்பரும், பொறுங்க பெரியவரே, காத்துப்பட்டாத்தான் கருக்கும், என்கிறார் கடைக்கார சிக்கந்தர் பாய், மூன்று மைகளைக் காகிதத்தில் கிழித்துத் தண்ணீர் தெளிக்கிறார், முதல் மை நீலமாக ஓடியது, முன்னே அவள் முந்தானையில் நான் எழுதியிருந்த அதே நீலம்தான் போன வாரம் மழையிலும் ஓடியது, கஞ்சி குடித்த கையோடு எழுந்து போன சவரியம்மா பஸ் ஸ்டாண்டில் பொழுதெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்தாள், முந்தானையை விரித்துப் பார்த்த பூக்காரிக்கு நீலத் திட்டுதான் தெரிந்ததாம், யாரும்மா நீ என்றால் சிரித்தாளாம், இரண்டாவது மை பாதி நின்றது, பாதி நம்பரில் எவனைக் கூப்பிடுவது, இந்தக் கழுநீர் மைதான் அசையவில்லை, இதுல என்ன பாய் போட்டிருக்கு, இரும்பு உப்பும் கடுக்காய் மாதிரி ஒரு காயோட துவர்ப்பும், அட, இது எங்கள் தோல்ஷாப்புக் கறை அல்லவா, நம்பாமலேதான் பேனாவை வாங்கி, பக்கத்து ஸ்டூலில் இருந்த சவரியம்மாவின் முந்தானையில் ஒவ்வொரு எழுத்தாக முக்கி எழுதினேன்.

துவர்ப்பு என்றதுமே பட்டைத்தண்ணீர் வாடை வந்துவிட்டது, தோல் ஊறும் தொட்டியில் இடுப்பளவு நிற்கிறேன், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தண்ணீர், எவனோ ஆணியைப் போட்டுவிட்டான், பட்ட இடமெல்லாம் தோல் கருத்துப்போய்க் கிடக்கிறது, எவன்டா இரும்பைக் கொண்டாந்தவன் என்று மேஸ்திரி கத்துகிறார், இரும்பு வாளியைத் தொட்ட ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வீடு வருகிறேன், சவரியம்மா, கல்யாணமான புதுச் சவரியம்மா, வேட்டியைக் கல்லில் அறைகிறாள், ஏங்க, எங்கப்பன் என்னைய உங்களுக்குக் கட்டிக்குடுத்தாரா இந்தக் கறைக்குக் கட்டிக்குடுத்தாரா, சவுக்காரம் போட்டாள், சாம்பல் போட்டாள், எச்சில் தொட்டுத் தேய்க்கிறாள், தேய்த்துக்கொண்டே இருக்கிறாள், இப்போதும் தேய்க்கிறாள், கடை ஸ்டூலில் உட்கார்ந்து, நரைத்த தலையைக் குனிந்து, நான் எழுதியது அவள் விரலடியில் கருத்துக்கொண்டு வருகிறது, இது போவாதுண்ணே, என்கிறாள், என்னைப் பார்த்துத்தான், அண்ணே என்று, எங்க வீட்டுக்காரர் வேட்டியிலயும் இதே கறைதான், தோல்ஷாப்புல வேலை, இருட்டுறதுக்குள்ள வந்துருவாரு.

பாய் பாட்டிலை மூடுகிறார், மூடின பாட்டிலையே மறுபடி மூடுகிறார், வந்துருவாரும்மா, என்றேன் நான், எத்தனை மழைக்கு நிக்கும் பாய், துணி இருக்கிற வரைக்கும் நிக்கும் பெரியவரே, விற்கிறவன் வேறென்ன சொல்வான், பாட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கருகருவென்று ஆகிவிட்ட முந்தானையையும் அவள் கையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கி நடக்கிறேன், என்ன மையாக இருந்தாலும் இந்தக் கையை விடுவதாக இல்லை, பிடிக்குள் அவள் விரல் ஓயவில்லை, கறை என்று நினைத்து என் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே வருகிறது.