காது வலிக்கும் குரல்

பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடி ஒன்றில் இயங்கிய இணையச் சேனலில் ஷாமினி விளையாட்டு வர்ணனையாளர். போன வருடம் பூப்பந்து ஆட்டம் ஒன்றின் நடுவே, பக்கத்தில் இருந்த மூத்த வர்ணனையாளர் முகுந்தன் அவளுடைய மைக்கை அணைத்துவிட்டு, "பொம்பள கத்துனா நேயர்களுக்குக் காது வலிக்கும் லா!" என்று சிரித்தார். அந்த வீடியோ கிள்ளான் பட்டணம் வரை போனது. கல்யாண வீட்டில்கூட அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். ஷாமினியும் சிரித்து வைத்தாள். உள்ளே மட்டும் அது ஆறவேயில்லை.

குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் வந்தபோது, யாரும் சீந்தாத பனிச்சறுக்குத் தாண்டலை அவள் தலையில் கட்டினார்கள். உயரத்திலிருந்து சறுக்கி வந்து, காற்றில் பறந்து, தூரத்தில் இறங்கும் விளையாட்டு. அவள் விதிகளைக் கரைத்துக் குடித்தாள். தகுதிச் சுற்றுகளை அவள் சொன்ன விதத்தில், பனியையே பார்த்திராத சனம் வேலை விட்டு வந்ததும் சேனலைத் திறந்து வைத்துக்கொண்டது.

இறுதிச் சுற்றன்று அவள் நாற்காலியில் முகுந்தன் உட்கார்ந்திருந்தார்.

"ஃபைனல அண்ணன் பண்ணட்டும். நீ பக்கத்துல ஒக்காந்து பாயிண்ட் எடுத்துக் குடு," என்றாள் தயாரிப்பாளர் ரமணி, ஷாமினியின் முகத்தைப் பார்க்காமல்.

"சரிக்கா."

"தூரமா தாண்டுனவன் ஜெயிச்சான். இதுல என்ன லா இருக்கு?" என்றார் முகுந்தன்.

என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். இறங்கும் அழகுக்கு மதிப்பெண் உண்டு. காற்று சதி செய்தால் அதற்கு ஈடாகக் கூடுதல் புள்ளி உண்டு. இரண்டு தாவல்களையும் கூட்டித்தான் பதக்கம். குறிப்பெடுத்த தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் தாவலில் ஸ்லோவேனிய வீரன் எல்லோரையும்விடத் தூரம் பறந்தான். இறங்கும்போது தடுமாறிப் பனியில் கையை ஊன்றினான்.

"தங்கம்! இனிமே யாராலயும் முடியாது!" முகுந்தன் மேசையைத் தட்டினார்.

கடைசியாக வந்த நார்வேக்காரன், பாதகமான காற்றில், அவ்வளவு தூரம் போகாமல் பஞ்சு போல இறங்கினான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"பாவம் நேயர்களே, தோல்விய தாங்க முடியல. கூட்டாளிங்க ஆறுதல் சொல்றாங்க..."

கூட்டாளிகள் அவனைத் தோளில் தூக்கினார்கள். திரையில் அவன் பெயர் முதலிடத்தில் வந்து நின்றது. 'அண்ணே, கண்ண தொறங்க', 'ஷாமினி எங்கே?' என்று நேயர்களின் நேரலைக் கருத்துகள் கொட்டத் தொடங்கின.

முகுந்தன் மைக்கைக் கையால் மூடினார். நெற்றி வியர்த்திருந்தது. "எப்படி? இவன் கொறஞ்ச தூரம்தானே? சொல்லு லா!"

ஷாமினி குனிந்து, அவர் விரலிடுக்கு வழியாக மைக்குக்குள் போகும்படி, தெளிவாகச் சொன்னாள்: "நான் பேசுனா நேயர்களுக்குக் காது வலிக்கும்ணே."

பிறகு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். பதக்கம் அணிவிக்கும்வரை அவர் உளறியதை ஒரு வார்த்தை விடாமல் ரசித்தாள்.

"தெரிஞ்சே கவுத்துட்ட," என்றாள் ரமணி, ஒளிபரப்பு முடிந்ததும். "அவர மட்டுமில்ல, சேனலயும்தான்."

"ஆமாக்கா."

"அடுத்த குழுப் போட்டிய நீயே பண்ணு. வேற வழியில்ல. ஆனா ஒன்ன இனிமே நம்ப மாட்டேன்."

அது சுருக்கென்றது. ஆனாலும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

படிக்கட்டில் முகுந்தன் நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. "திருப்தியா?"

பார்த்தால் பரிதாபம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

"இன்னும் இல்லண்ணே," என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டி இறங்கினாள்.