மெஹருன்னிசா, 2016

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன் ஆய்வாளரையும் ஒப்புமைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் இன்னொருவரைப் போல வாழ்ந்திருந்தால் ஏட்டை வாங்க மாட்டார்கள். நன்னீர் நத்தைகளின் ஓட்டைப் பற்றிய என் ஏட்டுக்கு மூன்று சதவீதம் வந்தது. எனக்கு நாற்பத்து மூன்று வந்தது.

நூலகர் இருதயராஜ் என் அறிக்கையை நூல் போட்டுக் கட்டிக் கொடுத்தார். ஆறு வருடமும் பதினொரு பக்கத்தில் அடங்கிவிட்டது. மற்றவர்களிடம் ஏற்கெனவே இருந்த பகுதிகளுக்குச் சிவப்பு அடித்திருந்தார்கள். கைடு வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தி பரிமாறியது அறுபத்து நான்கு பேரிடம் இருந்தது. விடுதி உப்புமாவை நின்றுகொண்டே தின்றது, தோழிகளின் கல்யாணப் பத்திரிகைக்குப் பதில் போடாமல் விட்டது, "எப்ப முடியும்?" என்று யாராவது கேட்டால் குனிந்து செருப்பைப் பார்த்தது, எல்லாம் சிவப்பு. இதையெல்லாம் உலகத்தில் நான் ஒருத்திதான் செய்கிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பதினேழு சதவீதம் ஒரே ஆளிடமிருந்து வந்திருந்தது. மெஹருன்னிசா, தாவரவியல், 2016.

கைடு சௌந்தரபாண்டியன் அறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினார். "எங்க காலத்துல இந்தச் சோதனையெல்லாம் கெடையாதும்மா. எல்லாரும் ஒரே மாதிரிதான் இருந்தோம்" என்றார். குறைத்துக்கொண்டு வர நான்கு மாதம் கொடுத்தார்.

குறைக்க ஆரம்பித்தேன். உப்புமாவை உட்கார்ந்து தின்றேன். நான்கு மணிக்குக் கேன்டீனில் கூட்டத்தோடு டீ குடிப்பதை விட்டு, இரண்டு பத்துக்கு வெந்நீர் குடித்தேன். ஆய்வகத்தில் பக்கத்து மேசை வின்சிலாவும் சிவப்பில் இருந்தாள். ஆகவே நாங்கள் இருவரும் பேசிவைத்துக்கொண்டு பேச்சை நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் போட்டு "இன்னும் ஆறு மாசம்தான்மா" என்று சொல்வது மட்டும் ஆறு சதவீதம், அதுவும் மெஹருன்னிசாவிடமிருந்து. அதையும் நிறுத்தினேன். அம்மா தானாகக் கூப்பிட்டபோது போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, அது அடங்கும்வரை தலையணைமேல் கை வைத்திருந்தேன். அந்த வாரங்களில் நத்தைகளைத் தவிர யாரும் என் அருகே வரவில்லை. தாங்க முடியாத தனிமை அது. இரண்டாவது சோதனையில் பதினாறு வந்தது.

மீதி இருந்தது பெரும்பாலும் அழுகை. செவ்வாய்க்கிழமை மதியம், நூலகத்தின் மூன்றாம் மாடியில், பழைய ஆய்விதழ் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுவேன். மெஹருன்னிசாவும் அதே கிழமை அங்கேதான் அழுதிருக்கிறாள். மாடிப்படிக்கு மாற்றிப் பார்த்தேன். அங்கே ஏற்கெனவே நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அழுகையைத் தும்மலாக மாற்றினேன். கருத்து ஒன்றுதான் என்று மென்பொருள் பிடித்துவிட்டது.

இருதயராஜிடம் போய் இதை மட்டும் என்னால் விட முடியாது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஏன் விடணும் செண்பகம்? மேற்கோள் காட்டிட்டு அழுங்க. பேரையும் வருஷத்தையும் சொல்லிட்டா கணக்குல வராது" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து "மெஹருன்னிசா, 2016" என்று சொல்லிவிட்டு அழுதேன். அந்தப் பெயரைச் சொன்ன பிறகு அழுவது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கும் இதே விதிதான் என்பது பிறகுதான் உறைத்தது. மூன்று மாதம் கழித்து அம்மாவைக் கூப்பிட்டேன். மெஹருன்னிசாவின் பெயரையும் வருடத்தையும் சொல்லிவிட்டு, இன்னும் ஆறு மாசம்தான் என்றேன்.

அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தாள். பிறகு, "யாருட்டி அந்தப் பிள்ளை?" என்று கேட்டாள்.

எனக்கு முன்னால் இதைச் சொன்னவள் என்றேன்.

"அவ சாப்பிட்டாளா?"

தெரியாது என்றேன். கேட்டுச் சொல்லச் சொன்னாள். மெஹருன்னிசாவின் ஏட்டில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. பலமுறை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விசாரித்தாள். ஒவ்வொரு வாரமும் தெரியாது என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கடைசிச் சோதனையில் ஒன்பது வந்தது. 2024 டிசம்பரில் ஏட்டை வாங்கிக்கொண்டார்கள்.

எட்டு மாதமாகியும் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பழக்க தோஷத்தில் மூன்றாம் மாடிக்குப் போனேன். அலமாரிக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"செண்பகம், 2023" என்றது ஒரு பெண்குரல். அழுகை தொடங்கியது.

"இருபத்து நாலு" என்றேன் இந்தப் பக்கத்திலிருந்து.

அழுகை நின்றது. "சாரிக்கா" என்றாள். வருடத்தைத் திருத்திச் சொல்லிவிட்டு முதலிலிருந்து அழுதாள். அது என் அழுகைதான். நடுவில் வரும் விக்கலைக்கூட அப்படியே எடுத்திருந்தாள். முடியும்வரை நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கேட்டேன்: "சாப்பிட்டியாட்டி?"

பேனா மூடியைத் திறக்கும் சத்தம் வந்தது.

"இது யாரோடதுக்கா?"

"எங்கம்மாவோடது. கோமதி, 1994. நான் பொறந்த வருஷம்."

எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, இன்னும் இல்லை என்றாள்.