பிரபாவதியின் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிய கதை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஒரு விசேஷத்துக்கு அழைப்புப் பத்திரிகை எழுதித் தரச் சொன்னார்கள். எழுத வரவில்லை. அந்த எரிச்சலில் பிறந்தது இது.

மும்பை தாராவியில் எங்கள் சந்தில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம், எழுதுகிறவன் நான் ஒருவன். இரண்டு சிறுகதைத் தொகுதி போட்டிருக்கிறேன் என்பதற்காக யாரும் என்னை மதிப்பதில்லை. 'பூப்புனித நீராட்டு விழா' என்று பிழையில்லாமல் எழுதுவேன் என்பதற்காக மதிக்கிறார்கள்.

கேட்டது பிரபாவதி. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். விக்ரோலியில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை.

"அண்ணாச்சி, ஒரு பத்திரிகை எழுதணும்."

"என்ன விசேஷம்?"

"அதத்தான் நீங்க சொல்லணும்."

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை கொட்டிய ஒரு மாலையில், கணவனால் கைவிடப்பட்ட அபலை பிரபாவதி...'

[நிறுத்திவிட்டேன். மழை பெய்யவில்லை. அபலையும் இல்லை. போன வாரம் குழாயடியில் அவள் போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் இந்த வாக்கியத்தைப் படித்தால் சிரிப்பார்கள்.]

அடுத்தது: 'குடிகாரக் கணவன் காளிராஜ் தள்ளாடியபடி...'

இதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் படித்தது இந்தி மீடியத்தில், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் எழுதுவதையெல்லாம் நான் வாசிக்க, அவள் திருத்துகிறாள்.

"குடிக்க மாட்டான் அண்ணாச்சி. அவனுக்குக் கணக்குதான் வராது. பொய் எழுதாதீங்க."

எனக்கு வருத்தம்தான். குடிகாரன் என்றால் கதை தானாக ஓடும். கணக்கு வராதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சரி, நடந்தபடி எழுதுகிறேன். காளிராஜுக்குப் பை தைக்கிற பட்டறை போட ஆசை. சம்பளச் சீட்டு இருந்தது அவளிடம். அதனால் லோன் அவள் பெயரில் வாங்கினார்கள். முதலில் பட்டறை மூடியது, அப்புறம் வீட்டில் பேச்சு நின்றது, கடைசியில் இருவரும் சம்மதித்துக் கோர்ட்டில் பிரிந்தார்கள். அவன் இப்போது ஐரோலியில் டெம்போ ஓட்டுகிறான். கல்யாணத்தை முறித்த கோர்ட், லோனைத் தொடவில்லை.

ரிக்கவரிக்காரர்கள் புதுப்புது நம்பரிலிருந்து கூப்பிட்டார்கள். கேன்டீன் முதலாளிக்கும் கூப்பிட்டார்கள். பிரபாவதி போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூட ஆரம்பித்தாள். ஊரில் அவள் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சேதி, அம்மா வீடு திரும்பிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள் அழுததை நான் பார்த்தேன். அதை வர்ணிக்கப் போவதில்லை.

கடைசியில் லோன்காரர்கள் இறங்கி வந்தார்கள். மாதக் கடைசிக்குள் இரண்டு லட்சம் மொத்தமாகக் கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்து கணக்கை முடிப்போம், இல்லையென்றால் கேஸ் என்றார்கள். சங்கிலியை விற்றதில் பாதி தேறியது. மீதிக்கு அவள் யோசித்த வழி, மொய்.

3

மொய் தெரியாதவர்களுக்கு மட்டும்: நம் வீட்டு விசேஷத்தில் ஒருவர் வைக்கிற பணத்தை, அவர் வீட்டு விசேஷத்தில் நாம் கொஞ்சம் கூட்டித் திருப்பி வைக்க வேண்டும். பிரபாவதி கல்யாணமான நாளிலிருந்து தாராவி, செம்பூர், கோவண்டி என்று ஒரு வீடு விடாமல் வைத்திருக்கிறாள். அது வாய்விட்டுக் கேட்டு வாங்குகிற பணமில்லை. விசேஷம் வைத்தால்தான் வரும். விசேஷத்துக்குப் பிள்ளை வேண்டும், இல்லை சொந்த வீடு, இல்லை கல்யாணம். அவளிடம் மூன்றும் கிடையாது.

(புதுக்கோட்டைப் பக்கம் மொய்க்கென்றே விருந்து வைப்பார்களே என்று யாராவது எனக்கு எழுதக்கூடும். தெரியும் ஐயா. நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். காரணமில்லாமல் சோறு போட்டால் சந்தேகப்படுவோம்.)

என் வரைவுகள்:

'எமது புதுமனை புகுவிழாவிற்கு...' [வாடகை வீடு. வீட்டுக்காரரே விருந்துக்கு வருவார்.]

'பிரபாவதியின் பிறந்தநாளை முன்னிட்டு...' ["முப்பத்தாறு வயசுல கேக்கு வெட்டவா? போங்க அண்ணாச்சி."]

'நிகழும் மங்களகரமான...' [இதற்குமேல் பேனா நகரவில்லை.]

"நான் சொல்லுதேன், அப்பிடியே எழுதுங்க," என்றாள். "'என் கடனை அடைக்கேன். எல்லாரும் சாப்பிட வாங்க.'"

"பத்திரிகையில போய் கடன்னு போடுவாகளா?"

"மொய்யும் கடன்தான? அத மட்டும் மைக்ல சொல்லுதிய."

நான் எழுதிக்கொண்டேன்.

4

அச்சகக்கார ஜெபஸ்டின் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான்.

"வே, கடன்னு அடிச்சிட்டு நாலு மூலையில மஞ்ச தடவச் சொல்லுதீரு. மஞ்ச மங்களத்துக்குல்லா?"

"கடன் தீருததவிட என்ன மங்களம் இருக்கு? நல்லா தடவுங்க," என்றாள் பிரபாவதி.

'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே அவள் பெயர் மட்டும் தனியாக நின்றது. பக்கத்தில் வெறிச்சென்று இருக்கிறதே, அப்பா பெயரையாவது போடலாமே என்றான் ஜெபஸ்டின்.

"எடம் கெடக்கட்டும். காத்து வரட்டும்."

பத்திரிகை வீடுவீடாகப் போனது. குழாயடியில் ஒருத்தி, "வாழாவெட்டி வீட்டு விருந்துக்கு எவ போவா?" என்று கேட்டது பிரபாவதியின் காதிலும் விழுந்தது. அன்றைக்கு மட்டும் அவள் சத்தம் போடவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சால் வீட்டு வரிசைக்கு முன்னால் பந்தல். கறிச்சோறும் ரசமும் தயார். கேன்டீன் தோழிகள் சமைத்தார்கள். மொய்யை அறிவிக்கிற மைக் என் கையில்.

பகல் ஒரு மணிவரை வந்தது பக்கத்து வீட்டு மர்யம் மட்டும். அவளுக்கு மொய் என்றால் என்னவென்றே தெரியாது. கவரில் பணத்தோடு ஒரு ரூபாய்க் காசையும் வைத்து நீட்டினாள். நான் மைக்கில் அவள் பெயரைச் சொன்னேன். காலி நாற்காலிகளுக்கு அது நன்றாகக் கேட்டிருக்கும்.

பிரபாவதி புதுச் சேலையில் பந்தல் வாசலிலேயே நின்றாள். "சோறு ஆறுது அண்ணாச்சி," என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. பத்திரிகையில் கடன் என்று எழுதிய கை என் கை.

ஜெபஸ்டின்தான் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டான். "வே! இன்னைக்கு மெகா பிளாக்குல்லா!"

ஞாயிறு பகலில் தண்டவாள வேலைக்காக லோக்கல் ரயிலை நிறுத்துவார்கள் என்பது இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். முகூர்த்த நேரம் பார்த்து எழுதிய எனக்கும் அச்சடித்த அவனுக்கும் தோன்றவில்லை.

அழைத்திருந்தவர்கள் மொத்தமாக வந்தார்கள். பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் நசுங்கி, வேர்த்து, ரயில்வேயைத் திட்டிக்கொண்டே சந்துக்குள் நுழைந்தார்கள். முன்னால் வந்தவர் கோவண்டி செல்லப்பாண்டி.

"எம் மக கல்யாணத்துக்கு இந்தப் பிள்ள ஆயிரம் வச்சா. மைக்ல சத்தமா சொல்லும்: செல்லப்பாண்டி, மூவாயிரம்!"

அதற்கப்புறம் என் தொண்டை கட்டும்வரை பெயர்கள். குழாயடிக்காரியும் வந்தாள். எல்லாரும் போன பிறகு பிரபாவதி என் பக்கம் திரும்பினாள்.

"உங்க மொய்?"

"இந்தக் கதைதான் என் மொய்."

"கதைய வச்சா லோன்காரன் வாங்குவானா? ரூவாய எடுங்க."

எடுத்தேன்.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் ஒன்று தயாராக இருந்தது:

[கூட்டத்தின் கடைசியில், முக்காட்டை இழுத்துவிட்டபடி, காளிராஜின் தாய் சொர்ணம்மாள் வந்தாள். என்ன உறவு என்று அறிவிப்பது என்று மைக்கை மூடிக்கொண்டு கேட்டேன். "மாமியார்னே சொல்லுங்க" என்றாள்...]

வாசித்துக்கொண்டிருக்கும்போதே பிரபாவதி கையைக் காட்டினாள்.

"அவிய வரல அண்ணாச்சி."

"தெரியும். அடிச்சிரட்டா?"

"கெடக்கட்டும். நான் வாசலப் பாத்துட்டேதான் இருந்தேன்."

அதனால்தான் அது மேலே அப்படியே கிடக்கிறது.

பணம் சேர்ந்ததா என்று கேட்பீர்கள். சேர்ந்தது. மறுநாளே கட்டிக் கணக்கை முடித்தாள். ஆனால் செல்லப்பாண்டி மாதிரி ஆட்கள் கூட்டி வைத்ததெல்லாம் இனி அவள் திருப்ப வேண்டியதுதானே, ஒரு கடன் போய் இன்னொன்று வந்துவிட்டதே என்று, கதைக்கு ஒரு சோகம் கிடைக்காதா என்ற ஆசையில் கேட்டேன்.

"கல்யாணத்துக்குக் கூப்புடுவாக. போய்ச் சாப்புட்டுட்டு வச்சிட்டு வருவேன். இந்தக் கடன் போன் போட்டு வையாதுல்லா?" என்று சிரித்தாள். எனக்கும் மனசு லேசானது.

7

இந்த இடம்வரை வாசித்து முடிக்கும்போது அவள் வீட்டில் போன் அடித்தது. அரிசி டின்னில் இருந்து அல்ல, அவள் மடியிலிருந்து. தெரியாத நம்பர்.

நான் வாசிப்பதை நிறுத்தினேன். யாராக இருக்கும்? ஊரிலிருந்து அம்மாவா, கூரியர்காரனா, கல்யாணத்துக்கு அழைக்கிற யாரோவா, ஐரோலியிலிருந்து அவனா? எனக்குச் சொல்ல விருப்பமில்லை. உங்களுக்குப் பிடித்தவரைப் பேசவையுங்கள்.

முதல் மணியிலேயே எடுத்து, "ஹலோ, பிரபாவதி பேசுதேன்" என்றாள். அதை மட்டும் மாற்றாதீர்கள்.