சந்தனம் இல்லாத மொட்டை

தாண்டவராயன் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது தண்ணீர் பிடிக்கத்தான். எழுபத்தைந்தாம் வருஷத்து மார்ச் வெயிலில் லாரியின் ரேடியேட்டர் கொதித்துவிட, டிரைவர் கிளீனரான அவன் கையில் வாளியைக் கொடுத்து விரட்டியிருந்தார். லாரி நின்றது அவன் சொந்த ஊரான சதுரங்கப்பட்டினத்தில். அங்கே அவன் கால் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன், எங்கே இருக்கிறான் என்றுகூடச் சொல்லியனுப்பவில்லை. துரைக்கு அவ்வளவு ரோஷம்.

வராந்தாவில் வரிசையாகப் படங்கள். ஔவையார், ஜான்சி ராணி, யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா. எல்லாவற்றுக்கும் மாலை, முன்னால் ஊதுபத்தி. கடைசிப் படத்தில் மீன்கூடையோடு அவன் அம்மா குப்பம்மா. அவளுக்கும் மாலை.

"இந்தம்மா..." என்று பியூனிடம் இழுத்தான்.

"நம்மூரு பொம்பளதான். பொயலப்போ எட்டுப் பேரப் பழைய கோட்டைக்குள்ள இழுத்தாந்து காப்பாத்திச்சே, அது. இன்னிக்கி உலகம் பூரா பெரிய பொம்பளைங்கள நெனச்சுப் பாக்குற நாளாம்."

உலகம் பூரா நினைக்கிறது, பெற்ற பிள்ளைக்குத் தெரியவில்லை. எப்போது செத்தாள்? யார் கொள்ளி வைத்தது? ஜான்சி ராணி பக்கத்தில் அம்மாவுக்கு என்ன வேலை? ஒன்றும் பிடிபடவில்லை. ஒரே பிள்ளை, கொள்ளி வைக்கவில்லை என்பது மட்டும் உறைத்தது. படுபாவி, கூப்பிடு தூரத்தில் வீடு, ஒரு எட்டுப் போய்ப் பார்க்கக் கூடாதா? தலை நிறைய முடியோடு அந்த வாசலில் எப்படி நிற்பது என்றுதான் அவனுக்கு ஓடியது. வாளியை அங்கேயே போட்டுவிட்டு நேரே கடைத்தெருவுக்குப் போய்த் தலையைக் கொடுத்தான். மீசையும் போயிற்று. முடி வெட்டுகிறவர் ஊருக்குப் புதியவர், அழுகிறவனிடம் எதுவும் கேட்கவில்லை.

குப்பத்துக்கு வந்தால், வாசலில் குப்பம்மா மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.

அவள் நிமிர்ந்தாள், முகம் மலர்ந்தாள், பிறகு அவன் தலையைப் பார்த்தாள். திருப்பதி மொட்டை என்றால் சந்தனம் இருக்கும். இதில் சந்தனம் இல்லை, மீசையும் இல்லை. பிள்ளை இப்படி மழித்துக்கொள்வது ஆத்தாளுக்கு, இல்லையென்றால் அப்பனுக்கு. ஆத்தாள் இதோ இருக்கிறாள். விடியற்காலையில் கட்டுமரமேறிய அப்பன் மாயவன்தான் இன்னும் திரும்பவில்லை.

"எந்தக் கரைலடா ஒதுங்கிச்சு உங்க நைனா?" என்றாள்.

"நைனாவுக்கு இன்னா ஆச்சு?"

"மறைக்காதடா."

தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து ஓலமிட்டாள். ஓடிவந்த பெண்களும் மொட்டையைப் பார்த்துவிட்டு மாரடிக்க ஆரம்பித்தார்கள். தாண்டவராயனுக்குத் தலை சுற்றியது. செத்தது அம்மாவா, நைனாவா, இல்லை தானேயா?

"எம்மா, செத்தது நீதாம்மா. இஸ்கூல்ல உன் படத்துக்கு மால போட்டுக் கீது" என்றான்.

ஓலம் நின்றது.

"அதுவா? மத்தவங்களுக்குப் போட்டு எனக்கு மட்டும் வுட்டா மரியாத இல்லன்னு ஷஹர்பானு டீச்சர் போட்டாங்க. அவங்க வூட்ல படத்துக்கு மால போடற வழக்கமே கெடையாது, அவங்களுக்கு இன்னா தெரியும்? ஆசையாப் போட்டாங்க, எனக்கும் வாணாங்க வாய் வரல."

அப்போதுதான் மாயவன் ஈர வலையோடு வந்தான். கூட்டத்தைப் பார்த்தான், மகன் தலையைப் பார்த்தான்.

"யாருக்குடா இது?"

"எனக்குத்தான்" என்றாள் குப்பம்மா, அந்த மொட்டையைத் தடவிக்கொண்டே. "உசுரோட இருந்த ரெண்டு வருசம் எட்டிப் பாக்கல. செத்துட்டேன்னதும் வந்துட்டான், பாரு."