ஓலைப்பெட்டியில் முந்திரிக்கொத்து

ஒரு சமுதாயத்தின் ஆத்துமா அதன் அடுப்பில் குடியிருக்கிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஏசுவடியான் அறுப்பின் பண்டிகை மேடையில் இப்படி முழங்கினார். தூத்துக்குடி மில்லர்புரத்தில் அவர் வீட்டு அடுப்பில் குடியிருந்தது பாக்கெட் தோசைமாவு.

பண்டிகை நடந்தது சாத்தான்குளம் பக்கத்தில் அவருடைய சொந்த ஊர்க் கோவிலில். சபையார் கொண்டுவரும் முதற்பலன்களை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது வழக்கம். கமிட்டிச் செயலாளரான ஏசுவடியான் இந்த வருஷம் சட்டம் போட்டிருந்தார்: நம் மண்ணில் விளைந்தது, நம் கையால் செய்தது மட்டுமே மேசைக்கு வரலாம். காலையில் சபைப் பெண் ஜெனிலா பிஸ்கட் டப்பாவோடு வந்தபோது வாசலிலேயே மறித்தார். "ஏளா, கர்த்தருக்கே கம்பெனிப் பண்டமா?" ஊரே கேட்டது. அவள் முகம் சுண்டித் திரும்பினாள்.

அவர் கொண்டுவந்தது முந்திரிக்கொத்து. பாசிப்பயற்றை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் உருட்டிப் பொரிக்கிற பண்டம். "எங்க வயப் பயறு" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவருடைய அந்த வயலில் பல வருஷமாக விளைவது முள் உடைமரம். முன்பு அங்கே பயறு விதைத்த இசக்கித்தாய், "வாங்குததுக்கு ஆளில்லய்யா, எல்லாரும் பாக்கெட்டுக்குப் போயிட்டாவ" என்று கைவிட்டுவிட்டாள். அந்த எல்லாரிலும் ஐயா அடக்கம். பண்டம் தூத்துக்குடி சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது. கப்பலில் வந்திறங்கிய எந்த நாட்டுப் பயறோ. கவரைக் கிழித்து ஓலைப்பெட்டியில் கொட்டியது மட்டும் அவருடைய கைப்பக்குவம்.

"ரசாயனத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறோம்" என்று மேடையில் பேசிவந்த இடத்தில் அவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. பண்டம் கெடாமலிருக்க உள்ளே ஒரு வெள்ளைப் பொட்டலம் போடுவார்களே. 'சாப்பிடக்கூடாது' என்று நீல எழுத்தில் இருந்ததே. அதை எடுத்தோமா?

பேச்சைப் பாதியில் முடித்து இறங்கி, மனைவி தேவமணியின் காதைக் கடித்தார். "ஏளா, அந்தப் பொட்டலத்த எடுத்தியா?"

"கொட்டுனது நீங்க. எங்கிட்ட கேட்டா?"

மேசையில் ஓலைப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே கடைப் பெட்டிகள், ஒன்றுபோல மூடி. ஏலம் விடும் ஜோன்ஸுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஆசை காட்டுவதற்காகப் பண்டத்தை அடிவரை கிளறி உயர்த்திக் காட்டுவான். வாழைத்தார் போனது. பூசணி போனது. ஏசுவடியான் முன்வரிசைக்கு நகர்ந்தார்.

"அடுத்தது முந்திரிக்கொத்து!" ஜோன்ஸ் பட்டியலைப் பார்த்துக் கூவி, மூடியில் கை வைத்தான்.

"ஆயிரம்!" என்று கத்தினார் ஏசுவடியான்.

"சார், இன்னும் திறக்கவே இல்லயே."

"திறக்காதலே! விசுவாசத்துல கேக்கேன்."

"சாருக்குப் பசி போல. வீட்டுல பொங்கலயோ?" பின்வரிசையிலிருந்து ஜெனிலாவின் குரல். கூட்டம் சிரித்தது. அதற்கு மேல் யாரும் ஏலம் கேட்கவில்லை. அவருடைய வைராக்கியத்தைக் கண்டு பாதிரி ஐயர் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார்.

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோவிலின் பின்பக்கம் போனார். மூடியைத் திறந்து விரலால் துழாவினார். அடியில் வெள்ளைப் பொட்டலம் கிடந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

உள்ளே ஜோன்ஸ் கூவினான். "அடுத்ததும் முந்திரிக்கொத்துதான்! இது நம்ம சார் வீட்டுது. எல்லாரும் பக்கத்துல வந்து பாருங்க!"

ஏசுவடியான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

எழுத்து சிவப்பாக இருந்தது.