சின்ன மாமாவுக்கு லைன் கிடைத்த கதை

1

இந்தக் கதைக்கு நான் ஒன்றும் மெனக்கெடவில்லை. என் மாமனார் சன்னாசி சொன்ன மூன்று வாக்கியங்கள்தான் மூலம்.

"திருவிழாவுக்கு பத்து வந்தான். லைன் கேட்டான். குடுத்தேன்."

சொல்லிவிட்டு மாமா தேத்தண்ணியை உறிஞ்சினார். பத்து என்பது பத்துமலை. மாமாவின் ஒரே தம்பி, என் மனைவி ஷாமினிக்குச் சித்தப்பா, எனக்குச் சின்ன மாமா. லைன் என்பது வீட்டு வைஃபை. அண்ணனும் தம்பியும் நான்கு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அப்படிப்பட்டவர் வந்து லைன் கேட்டிருக்கிறார், இவர் கொடுத்திருக்கிறார். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது என்பார்கள். எழுதிய கை அதைவிட மோசம்.

ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் கிடங்குக் கணக்கராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்தாளன். மாமா ஊர்த் திருவிழாவுக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். (காய்ச்சல் இல்லை. அந்தப் பேச்சைப் பிறகு பார்ப்போம்.) எனக்குத் துணையாக ஷாமினியும் நின்றுவிட்டாள். ஆகவே அன்று நடந்ததை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. எழுதுவதற்கு இதைவிட நல்ல தகுதி வேறென்ன வேண்டும்?

2

முதல் தொடக்கம்:

மழை கொட்டிக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில், பீடோருக்கு அப்பால்,

(நிறுத்திவிட்டேன். அன்று சுள்ளென்று வெயில். நான் எழுதிய கதைகளில் ஏற்கெனவே பதினொன்று மழையில் தொடங்குகின்றன.)

இரண்டாம் தொடக்கம்:

பால்மரங்கள் நின்ற மண்ணில் இன்று செம்பனை நிற்கிறது. மனித உறவுகளும் அப்படித்தான்,

(எப்படித்தான்? எனக்கே தெரியவில்லை. அழகாக இருக்கிறதே என்று எழுதிவிட்டேன். அழகுக்காக எழுதுவது எனக்கு இருக்கும் வியாதி. அதன் கெடுதலையும் பிறகு பார்ப்போம்.)

மூன்றாம் தொடக்கம்:

பீடோர் பக்கம் ஒரு பழைய தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில், கோயில் திருவிழா அன்று, மூன்று மணி வெயிலில், பத்துமலை தன் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார்.

இது இருக்கட்டும்.

3

அவர் ஏன் அப்படி நடந்தார் என்று சொல்லிவிடுகிறேன். சின்ன மாமாவின் மகள் கௌரி கடற்படையில் இருக்கிறாள். லூமுட்டிலிருந்து அவள் கப்பல் அன்று நான்கு மணிக்குக் கிளம்புகிறது. கிளம்புவதற்கு முன் வீடியோவில் கூப்பிடுவேன் என்று சொல்லியிருந்தாள். அதை விட்டால் இரண்டு மாதத்துக்கு முகம் பார்க்க முடியாது, குரல் கேட்க முடியாது. அவள் கடலுக்குப் போவது இதுதான் முதல் தடவை. சின்ன மாமாவுக்கு அவள் ஒரே பிள்ளை.

அந்தத் தாமானில் கைப்பேசிக்கு லைன் வராது. வீட்டுக்கு வீடு வைஃபைதான்.

"அப்படியானால் காரை எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் பெரிய சாலைக்குப் போயிருக்கலாமே?" என்று நீங்கள் கேட்பீர்கள். போயிருக்கலாம். ஆனால் அவர் காருக்குப் பின்னால் பந்தல் சாமான் ஏற்றிவந்த லோரியை நான் நிறுத்திவிட்டேன். ஓட்டுநர் சாமி கும்பிடப் போய்விட்டார். "அக்கம்பக்கத்து வீடுகள்?" எல்லாவற்றையும் பூட்டி, எல்லாரையும் கோயிலுக்கு அனுப்பிவிட்டேன். திருவிழா நாளில் அது எனக்குச் சிரமமாகவே இல்லை.

திறந்திருந்தது ஒரே வீடு. முட்டிவலி காரணமாக ஊர்வலத்துக்குப் போகாமல் ஐந்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் மாமனாரின் வீடு.

(ஐந்தடி என்றால் வீட்டு முன்புறம். வெளியூர் வாசகர்கள் அளவுகோல் எடுக்க வேண்டாம்.)

4

நான்கு வருடம் பேசாதவர் எப்படிக் கேட்டிருப்பார்? மாமா "கேட்டான்" என்பதோடு முடித்துவிட்டார். அந்த ஒரு சொல்லில் நான் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன்.

நம் ஆட்கள் பேச்சு நின்ற பிறகும் பேசுவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சாடை. சொல்ல வேண்டியதை வேறு எதையாவது பார்த்துச் சொல்வது. ஆகவே ஒரு பூனையைக் கொண்டுவந்தேன்.

"ஏய் பூன, இந்த வூட்டுல லைன் இருக்கா?" என்றார் பத்துமலை.

"பூனைக்கு என்னா தெரியும்? மனுசன்கிட்ட கேட்டா சொல்லலாம்லா" என்றார் சன்னாசி, அதே பூனையிடம்.

ஷாமினி படித்துவிட்டு, "எங்க வீட்டுல ஏது பூனை? அம்மாவுக்கு பூனை முடி பட்டாலே தும்மல் வரும்" என்றாள்.

"கதைல இருக்கலாம்லா."

"அப்போ அம்மா தும்மணும். அதையும் எழுதுங்க."

அத்தை நவமணி அந்த நேரத்தில் கோயிலில் சாம்பாருக்குக் காவல். வந்து தும்ம முடியாது. பூனையை எடுத்துவிட்டேன். பதிலுக்குச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி. அது உண்மையிலேயே அங்கே இருக்கிறது, இரண்டு மாதம் பின்தங்கி.

"நாலு மணிக்குள்ள கௌரி கூப்புடுவா. இங்க லைன் கெடைக்கலன்னா பொண்ணு மொகத்த பாக்க முடியாது" என்று பத்துமலை நாள்காட்டியிடம் சொன்னார்.

சன்னாசி நாள்காட்டியைப் பார்த்தார். பிறகு எழுந்து, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒக்காரு" என்றார். இது நாள்காட்டிக்குச் சொன்னதல்ல.

5

இங்கே ஷாமினியின் உதவி தேவைப்பட்டது, ஏனென்றால் கருவி விஷயத்தில் நான் கைநாட்டு.

கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி மோடத்தின் மேல் ஒட்டியிருந்தவள் அவள்தான். திருவிழாவுக்கு வீடு துடைத்த அத்தை, மோடத்தையும் சாமிப் படம் மாதிரி பளபளவென்று துடைத்து, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார். மாமாவுக்குக் கடவுச்சொல் மனப்பாடம் இல்லை. இருபத்திரண்டு எழுத்து. ஷாமினி யாரையும் நம்ப மாட்டாள்.

ஆனால் மாமாவின் போன் ஏற்கெனவே அந்த வைஃபையில் இருந்தது. ஷாமினி புதிது வாங்கியபோது கழித்துக் கொடுத்த ஐபோன். சின்ன மாமாவிடம் இருந்ததும் கௌரி கழித்துக் கொடுத்த ஐபோன்தான். முன்பெல்லாம் அண்ணன் சட்டை தம்பிக்கு வரும். இப்போது மகள் போன் அப்பாவுக்கு வருகிறது. அந்த வகைப் போன்கள் இரண்டைப் பக்கத்தில் வைத்தால், ஒன்று மற்றதுக்குக் கடவுச்சொல்லைத் தானே கொடுத்துவிடும். ஒரே நிபந்தனை: இவர் அவருடைய பெயர்ப் பட்டியலில் இருக்க வேண்டும், அவர் இவருடைய பட்டியலில் இருக்க வேண்டும்.

உறவுக்காரர்கள் நான்கு வருடம் பேசிப் பார்த்தும் நடக்காததை ஒரு போன் சட்டமாகவே போட்டுவிட்டது.

(குறிப்பு: "செட்டிங்ஸுக்குள் போனால் கடவுச்சொல்லைப் பார்க்கலாமே" என்று கெட்டிக்கார வாசகர் ஒருவர் கை தூக்குகிறார். பார்க்கலாம். மாமாவுக்கு அது தெரியாது. தயவுசெய்து கையைக் கீழே போடுங்கள்.)

"எம் பேரு ஒன் போன்ல இருக்கா?" என்றார் சன்னாசி.

பத்துமலை கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தார். "அழிச்சிட்டேன்."

"அப்ப வராது."

"ஒன் போன்ல நான் இருக்கேனா?"

"இருக்க."

மணி மூன்று நாற்பது. பத்துமலை போனைத் திறந்து, புதுப் பெயர் சேர்க்கும் இடத்துக்குப் போய், 'அண்ணன்' என்று எழுதி, எண்ணை அடித்தார்.

இந்த இடத்தில் என் கற்பனை எதுவும் இல்லை. ஷாமினி கேட்டபோது மாமா அவளிடம் சொன்னது இது: "நம்பர் கேப்பான்னு பாத்தேன். கேக்கவே இல்லலா. பத்து நம்பரையும் கடகடன்னு அடிச்சான்."

இரண்டு போன்களையும் ஸ்டூல் மேல் சேர்த்து வைத்தார்கள். மாமாவின் திரையில், கடவுச்சொல்லைக் கொடுக்கலாமா என்று கேள்வி வந்தது. மாமா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கட்டைவிரலால் அழுத்தினார்.

கௌரி மூன்று ஐம்பதுக்குக் கூப்பிட்டாள். வெள்ளைச் சீருடை. "அப்பா, கோயில்லயா இருக்கீங்க? பின்னால யாரு, பெரியப்பாவா?" மாமா நாற்காலியோடு நகர்ந்து படத்திலிருந்து வெளியே போகப் பார்த்தார். தம்பி போனை அவர் பக்கம் திருப்பினார்.

"சாப்ட்டியா கௌரி?" என்றார் மாமா. கடலுக்குப் போகும் பெண்ணிடம் அவருக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்? அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

6

இனி முடிவு. உங்கள் வசதிக்கு இரண்டு தயாராக வைத்திருந்தேன்.

முடிவு அ: அழைப்பு முடிந்ததும் சகோதரர்கள் கட்டித் தழுவிக்கொள்கிறார்கள். தூரத்தில் உறுமி ஒலிக்கிறது. (ஷாமினி: "எங்கப்பாவா? எங்க கல்யாணத்தன்னிக்கே என்னைக் கட்டிப் புடிக்கல. கை குடுத்தாரு.")

முடிவு ஆ: இருவரும் கோயிலுக்கு நடந்து போய், பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். அத்தை நவமணி இலையில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே வந்து, யாரென்று நிமிர்ந்து பார்த்து, கரண்டியோடு அப்படியே,

ஷாமினி இந்த இடத்தில் சிரிக்கவில்லை. தாளைக் கீழே வைத்தாள்.

"சித்தப்பா அன்னிக்கு கோயில்ல சாப்பிடலன்னு அம்மா சொன்னாங்களே. ஏன் சாப்பிடல? அப்பா ஒங்ககிட்ட என்னா சொன்னாரு?"

7

மாமா சொன்னது மூன்று வாக்கியம் என்று தொடக்கத்தில் எழுதினேன். பொய். நான்கு.

"சாப்புடாம போயிட்டான்."

நான்காவதை விட்டுவிட்டு எழுதினால் கதை இனிப்பாக வரும் என்று பார்த்தேன். கதை வருகிறது. ஆனால் நான் அதற்குள் ஒளிந்துகொண்டிருப்பது நன்றாகத் தெரிகிறது.

ஏன் என்று நான் தனியாகக் கேட்டபோதுதான் மாமா மீதியைச் சொன்னார். அழைப்பு முடிந்த பிறகு, சின்ன மாமா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நான்கு வருடமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டிருக்கிறார். "அண்ணே, ஷாமினி கல்யாணக் கார்டுல எம் பேர ஏன் வுட்ட?" அழைப்பிதழில் பெண் வீட்டார் பெயர்கள் வரிசையாக இருந்தன. மாமன், அத்தை, பினாங்கிலிருக்கும் தூரத்துப் பெரியப்பா வரை. சொந்தச் சித்தப்பா பெயர் மட்டும் இல்லை.

மாமா அன்றும் அதே பதிலைச் சொன்னார். "நாந்தான் மறந்துட்டேன்டா."

சொந்தத் தம்பியை மறந்துவிட்டேன் என்று ஒருவர் இரண்டாம் முறையும் சொன்னால், கேட்டவர் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவார்? எழுந்து போய்விட்டார். நான் நிறுத்திய லோரி எப்படி நகர்ந்தது என்று கேட்காதீர்கள். அந்த லோரியே பொய்தான். அவர் பெரிய சாலைக்குப் போயிருக்கலாம். அண்ணன் வீட்டில் கேட்கலாம் என்று அவராகத்தான் வந்திருக்கிறார் என்று இப்போது நினைக்கிறேன்.

மாமா மறக்கவில்லை. அவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் தம்பி பெயர் இருந்தது. ஈப்போவில் அச்சகத்துக்குப் போய்ப் பிழை திருத்தியவன் நான். மாப்பிள்ளை எழுத்தாளராயிற்றே, அவரே பார்த்துக்கொள்வார் என்று விட்டார்கள். நான் கார்டில் சொந்தமாக ஒரு கவிதை சேர்த்தேன். நான்கு வரி. அச்சகத்துக்காரர், "இடம் பத்தல சார், எழுத்த சின்னதாக்கவா?" என்றார். எழுத்து சிறுத்தால் கவிதை எடுபடாது என்று தோன்றியது. "பேர்ல கடைசிய எடுத்துடுங்க" என்றேன். யார் பெயர் என்று பார்க்கவில்லை. அந்தக் கவிதையை இதுவரை ஒருவரும் படித்ததாகச் சொன்னதில்லை.

கார்டு கட்டுகள் வீட்டுக்கு வந்த அன்று மாமா பார்த்துவிட்டார். என்னைக் கொல்லைப்புறம் கூப்பிட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். "சரி மாப்ள, நான் பாத்துக்கறேன். நீங்க ஒண்ணும் பேசாதீங்க" என்றார். கல்யாணத்துக்கு முன்பே மருமகன் பெயர் கெடக் கூடாது என்று தம்பியை இழந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கும் மருமகன். நான்கு வருடமாகச் சின்ன மாமா வரும் இடங்களில் எனக்குக் காய்ச்சல் வந்துகொண்டிருக்கிறது.

இதை ஷாமினி முதன்முதலில் இந்தத் தாளில்தான் படித்தாள். படித்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"எத்தன தடவ சித்தப்பாவ நான் திட்டிருக்கேன், கார்டுக்கெல்லாமா கோவிச்சுக்குவாங்கன்னு. நீங்க பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

"ஆமா."

"பத்திரிகைக்கு அப்பறம் அனுப்பலாம். மொதல்ல சித்தப்பாவுக்கு அனுப்புங்க."

"அவர் நம்பர் எங்கிட்ட இல்ல."

அவள் தன் போனைப் பார்க்காமலே எண்ணைச் சொன்னாள். அந்தக் குடும்பமே அப்படித்தான் போலிருக்கிறது.

8

சின்ன மாமா,

இதுவரை "வாசகர்" என்று யாரையோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். அதுவும் சாடைதான். உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கார்டில் உங்கள் பெயரை எடுத்தது நான். அண்ணன் உங்களை ஒருநாளும் மறக்கவில்லை. உங்கள் எண் அவர் போனிலிருந்து அழிந்ததும் இல்லை. அவருடைய பொய்யைக் காப்பாற்றிக்கொண்டு நான் சௌக்கியமாக இருந்துவிட்டேன். அதற்காக வெட்கப்படுகிறேன். மன்னிப்பை எழுத்தில் கேட்டால் மறுபடியும் அழகு பண்ணிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. நேரில் கேட்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஷாமினியும் நானும் பீடோரில் இருப்போம். எனக்குக் காய்ச்சல் இல்லை. அத்தை மதியம் சமைக்கிறார். உங்களுக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லியிருக்கிறோம். மாமாவிடம் காரணத்தைச் சொல்லவில்லை.

நீங்கள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டதாக எழுத எனக்கு ஐந்து நிமிடம் போதும். வாசகர்களுக்கும் பிடிக்கும். ஆனால் எழுத மாட்டேன். உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரில் ஒரு தடவை கை வைத்தது போதும்.